சுவிட்சில் வெப் லாகின்: டைமர் எவ்வளவு வைப்பது?

பயனர் கணினிகள் செருகும் ஆக்சஸ் போர்ட்டுகளில் முதலில் 802.1எக்ஸ் (சாதனம் தானே அடையாளம் காட்டி நெட்வொர்க்கில் நுழையும் முறை), அது இல்லாத சாதனத்துக்கு வெப் லாகின் (உலாவியில் வரும் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் தருவது) என்று வரிசை வைத்திருக்கிறோம். அடையாளத்தைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் 1812-ஆம் போர்ட்டில் பதில் தருகிறது. அந்தப் பக்கம் சந்தேகம் இல்லை.

சிக்கல் காத்திருப்பில். சுவிட்ச் 30 வினாடிக்கு ஒருமுறை அடையாளம் கேட்கிறது, மொத்தம் மூன்று தடவை. அதாவது 90 வினாடி கழித்துத்தான் வெப் லாகினுக்கு இறங்குகிறது. அதற்குள் 802.1எக்ஸ் இல்லாத லேப்டாப் டிஎச்சிபியை (ஐபி முகவரி தரும் சேவை) கைவிட்டு, தானே போட்டுக்கொள்ளும் 169.254 முகவரியை எடுத்துக்கொள்கிறது. லாகின் பக்கம் எங்கிருந்து வரும்? கேபிளைக் கழற்றி மாட்டினாலும் பயனில்லை, போர்ட் மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணும். 10 வினாடியாகக் குறைத்தால் 30-இல் முடியும்; ஆனால் மெதுவாக பூட் ஆகும் 802.1எக்ஸ் கணினிகள் வெப் லாகினில் போய் விழுகின்றன. இரண்டும் கலந்த போர்ட்டுகளில் நீங்கள் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? லாகினுக்கு முன்பே டிஎச்சிபியை மட்டும் ஏசிஎல் (எந்தப் போக்குவரத்தை விடுவது என்ற விதிப்பட்டியல்) மூலம் திறந்துவிடுவது மேலா?

இன்னொன்று: 80-ஆம் போர்ட்டில் (எச்டிடிபி) வரும் கோரிக்கையை லாகின் பக்கத்துக்குத் திசைதிருப்புவது சரியாக நடக்கிறது. 443-ஐ (எச்டிடிபிஎஸ்) இடைமறித்தால் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது (வராமல் எப்படி இருக்கும்!), எச்எஸ்டிஎஸ் தளங்களில் (எச்டிடிபிஎஸ் மட்டுமே என்று உலாவியிடம் கட்டாயப்படுத்துபவை) அதைத் தாண்டவே முடியாது. 443-ஐ விட்டுவிட்டு, இணையம் கிடைக்கிறதா என்று பார்க்க இயங்குதளம் தானே அனுப்பும் எச்டிடிபி சோதனையை மட்டும் நம்பலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.