எப்போதும் அதே ஃபார்முலா, அதே இரும்புப்பெட்டி: போர்க்கால மலிவு உளவுப் படங்கள் பற்றி ஒரு கேள்வி

கறுப்புவெள்ளை எழுதியது:

கொஞ்ச நாளாக 1940-லிருந்து 45 வரை வந்த 'பி' படங்களாக, அதாவது பெரிய படத்துக்குத் துணையாக ஓடிய மலிவுப் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான், முதல் ஐந்து நிமிடத்திலேயே கதை பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. எதை எடுத்தாலும் எதிரி உளவாளிகள் ஒரு விஞ்ஞான ரகசியத்தைத்தான் திருட வருகிறார்கள், அந்த ரகசியமும் இரண்டே வகைதான். ஒன்று ஃபார்முலா, இல்லாவிட்டால் விமானத்திலிருந்து குறிபார்த்துக் குண்டு போடும் பாம்சைட் கருவி. ஹாலிவுட்டின் சின்னக் கம்பெனியான பி.ஆர்.சி.யின் 'தி டான் எக்ஸ்பிரஸ்' (1942) படத்தில் பெட்ரோலின் சக்தியை இரட்டிப்பாக்கும் ஃபார்முலா. அதே ஆண்டு எம்.ஜி.எம். எடுத்த 'ஜோ ஸ்மித், அமெரிக்கன்' படத்தில் பாம்சைட். பேசில் ராத்போன் ஷெர்லக் ஹோம்ஸாக வரும் 'சீக்ரெட் வெப்பன்', அதிலும் பாம்சைட். சரி, அமெரிக்கர்களை விட்டு பிரிட்டிஷ் பக்கம் போகலாம் என்று 'காட்டேஜ் டு லெட்' (1941) போட்டால் அங்கேயும் பாம்சைட்!

இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்தார்களா, இல்லை வேறு காரணம் உண்டா? நிஜ உளவாளிகள் இப்படியெல்லாம் திருடினார்களா? அப்புறம், இந்தக் குவியலில் உண்மையிலேயே பார்க்கத் தகுந்தவை எவை?

மேட்டினி_பிரியன் பதில்:

காப்பி அடித்தார்கள்தான், ஆனால் முதல் காரணம் காசு. அந்தக் காலத்தில் டபுள் பில் முறை, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். முதல் படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும், துணைக்கு ஓடும் படத்துக்குப் பெரும்பாலும் நிலையான வாடகை மட்டும்தான். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வாடகை ஏறாது. ஆகவே லாபம் வேண்டுமென்றால் செலவைக் குறைக்க வேண்டும், வேறு வழியே இல்லை. பி.ஆர்.சி., மோனோகிராம் மாதிரியான கம்பெனிகள் வாரக்கணக்கில் படம் பிடிப்பதை நினைத்தே பார்க்க முடியாது.

இந்த நிலைமையில் போர்ப் படம் எடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? டாங்கி, கப்பல், நூறு சிப்பாய்கள் எதற்கும் வழியில்லை. ஆனால் உளவாளிக்குக் கோட்டும் தொப்பியும் போதும். மேஜை, நாலைந்து கண்ணாடிக் குடுவைகள், பொறி பறக்கும் ஒரு மின்சாரச் சுருள் இருந்தால் ஆய்வுக்கூடம் தயார். ரகசியமோ ஒரு தாள். ஒரு நாட்டின் தலைவிதியையே சட்டைப்பையில் வைத்து நடக்கவிடலாம், பைசா செலவில்லை. போதாததற்கு 1942-இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ஒரு படத்தின் செட்டுகளுக்குப் புதிதாக வாங்கும் பொருள்களுக்கு 5,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டது. பெரிய ஸ்டுடியோக்கள் அலறின. மோனோகிராம்காரர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அவர்கள் என்றைக்கு அவ்வளவு செலவு செய்தார்கள்.

வேகத்துக்கு ஒரு உதாரணம்: பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. மோனோகிராமின் 'பிளாக் டிராகன்ஸ்' 1942 மார்ச்சிலேயே தியேட்டருக்கு வந்துவிட்டது. நடிகர் பெலா லுகோசி இதில் நாஜி பிளாஸ்டிக் சர்ஜன், ஜப்பானிய உளவாளிகளை அப்படியே அமெரிக்கத் தொழிலதிபர்கள் மாதிரி முகம் மாற்றிவிடுகிறார். எதிரியை அமெரிக்கராக மாற்றிவிட்டால் ஒப்பனைச் செலவும் மிச்சம்!

டார்ச்லைட் பதில்:

பட்ஜெட் விளக்கம் சரி, ஆனால் பாம்சைட் ஏன் என்பதற்கு அது போதாது. அதற்குக் காரணம் நார்டன். அமெரிக்க ராணுவம் வைத்திருந்த நார்டன் பாம்சைட் உலகத்திலேயே அதிகம் விளம்பரமான ரகசியம். உயரத்தில் பறந்துகொண்டே கீழே இருக்கும் ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் குண்டைப் போட்டுவிடும் என்று ஒரு பேச்சு பத்திரிகைகள் வரை போயிருந்தது. குண்டு வீசும் வீரர்கள் உயிரைக் கொடுத்தாவது அதைக் காப்பேன் என்று சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். ஆக அப்படி ஒன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதை எழுதுபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பெட்டியைத் திறந்தே காட்ட வேண்டாம். (போரில் அது ஊறுகாய்ப் பீப்பாய் கணக்கில் வேலை செய்யவே இல்லை, மேகமும் எதிரியின் பீரங்கியும் இருக்கும் வானத்தில் குண்டுகள் இலக்கை விட்டு எங்கெங்கோ விழுந்தன. அது வேறு கதை.)

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படங்களில் எல்லாம் உளவாளிகள் அதைத் திருட முயன்றுகொண்டிருந்தபோது ஜெர்மனியிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஹெர்மன் லாங் என்று ஒரு ஆள், நியூயார்க்கில் நார்டன் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். 1930-களின் கடைசியில் வரைபடங்களை வீட்டுக்கு எடுத்துப் போய் இரவில் பிரதி எடுத்து, காலையில் திருப்பி வைத்துவிட்டார். முகமூடி இல்லை, கடத்தல் இல்லை. 1941-இல் எஃப்.பி.ஐ. டுகேன் உளவு வளையம் என்ற ஜெர்மன் உளவுக் கும்பலைப் பிடித்தபோது அவரும் மாட்டினார், 18 ஆண்டு தண்டனை. அந்த வழக்கில் மொத்தம் 33 பேர். அவர்களைக் காட்டிக்கொடுத்தவர் வில்லியம் சீபோல்ட் என்ற இரட்டை உளவாளி. அவருடைய அலுவலகத்தில் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்து வந்து போனவர்களையெல்லாம் எஃப்.பி.ஐ. படம் பிடித்தது.

கறுப்புவெள்ளை எழுதியது:

அந்தக் கண்ணாடி ஐடியா 'தி ஹவுஸ் ஆன் 92ண்ட் ஸ்ட்ரீட்' படத்தில் வருகிறதே! அப்படியானால் அது நடந்த கதையா?

டார்ச்லைட் பதில்:

பாதி. டுகேன் வழக்குதான் அடிப்படை, எஃப்.பி.ஐ. ஒத்துழைப்பும் உண்டு, நிஜ ஒளிப்பதிவுகளைக்கூடப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஃபாக்ஸ் கம்பெனியின் பெரிய படம், உங்கள் குவியலில் சேராது. 1945 செப்டம்பரில், ஹிரோஷிமாவுக்கு அடுத்த மாதம் வெளியானது. உளவாளிகள் தேடும் 'பிராசஸ் 97' அணுகுண்டின் ஒரு பகுதி என்று குரல் விளக்கத்தில் சொல்லிவிட்டார்கள். டுகேன் கும்பலுக்கும் அணுகுண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கதையில் இருந்த காலி இடத்தில் அந்த வாரத்துச் செய்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நிஜ ரகசியம் எப்படிப் பயணம் செய்தது என்று கேட்டால் படக்காரர்கள் அழுதுவிடுவார்கள். 1940-இல் பிரிட்டன் தன் புதிய ரேடாரின் உயிர்நாடியான மேக்னட்ரான் என்ற கருவியை டிசார்ட் குழு என்ற விஞ்ஞானிகள் குழு மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதை எடுத்துப் போனவர் போவன் என்ற இளம் இயற்பியலாளர். லண்டனில் ஓட்டல் கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்துத் தூங்கினார், மறுநாள் டாக்சிக்காரர் உள்ளே ஏற்ற மாட்டேன் என்றதால் கூரையில் கட்டினார்கள், ஸ்டேஷனில் போர்ட்டர் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட, இவர் பின்னாலேயே ஓடினார். இதை மோனோகிராம் எடுத்திருந்தால் நம்பும்படியாக இல்லை என்று விமர்சகர்கள் எழுதியிருப்பார்கள்.

இரண்டாம்_ரீல் பதில்:

எல்லாம் ரசனையாகப் பேசுகிறீர்கள், நானும் இந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவன்தான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவற்றில் நாஜி வில்லனுக்கு ஒரு ஆளாக இருக்க அனுமதி உண்டு, படித்தவன், திமிர் பிடித்தவன், சில சமயம் நகைச்சுவை உணர்வுகூட இருக்கும். ஜப்பானிய வில்லனுக்கு அது கிடையாது. கொலம்பியாவின் 1943 'பேட்மேன்' தொடர்படத்தை (15 பாகம்) எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் டாகா என்ற ஜப்பானிய உளவாளி ரேடியத்தால் இயங்கும் துப்பாக்கிக்காக ரேடியம் திருடுகிறான், விஞ்ஞானிகளின் மூளையை மழுங்கடித்து அடிமையாக்குகிறான். நடித்தவர் ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர் ஜே. கேரல் நைஷ். அதன் முதல் பாகத்திலேயே வெறிச்சோடிய ஜப்பானியர் தெருவைக் காட்டி, அரசாங்கம் புத்திசாலித்தனமாக அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு குரல் மெச்சிக்கொள்கிறது.

அது கற்பனை இல்லை. 1942 பிப்ரவரியில் வந்த ஜனாதிபதி உத்தரவுக்குப் பிறகு சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தார்கள், பெரும்பாலானோர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். பிற்பாடு அரசே அமைத்த ஆணையம் விசாரித்தபோது, மேற்குக் கரையில் அவர்கள் செய்த உளவு வேலைக்கு ஒரு ஆதாரம்கூட இல்லை என்று சொன்னது. நார்டனைத் திருடியவர் தொழிற்சாலையில் நல்ல பெயர் வாங்கிய ஜெர்மானியர், முகாமுக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். 'பிளாக் டிராகன்ஸ்' படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் முகமே வேஷமாக இருக்கலாம் என்று அது எந்த மாதத்தில் சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும்.

மேட்டினி_பிரியன் பதில்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் மலிவுப் படங்கள் தலையில் போட வேண்டாம், பெரிய ஸ்டுடியோக்களும் இதையே நல்ல விளக்கொளியில் எடுத்தன. பார்க்கப்போனால் 1942-இல் அமைந்த அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகமே இந்த உளவாளிப் படங்களைக் கண்டு சலித்துப்போனது. போரில் விளக்க எத்தனையோ விஷயம் இருக்க, ஹாலிவுட் ஒளிந்திருக்கும் எதிரியையே கட்டிக்கொண்டு அழுகிறது என்று அவர்களுக்குக் குறை. ஸ்டுடியோக்கள் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய_புரொஜெக்டர் பதில்:

எவற்றைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

முதலில் 'ஜோ ஸ்மித், அமெரிக்கன்'. 63 நிமிடம், ராபர்ட் யங். விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் பாம்சைட் வரைபடத்தை மனதில் பதித்து வைத்திருக்கிறார், உளவாளிகள் கடத்தி கண்ணைக் கட்டி அடிக்கிறார்கள். அடி தாங்க அவர் குடும்பத்தை நினைத்துக்கொள்கிறார். தப்பித்த பிறகு, வண்டி எப்படித் திரும்பியது, வழியில் என்னென்ன சத்தம் கேட்டது என்பதை வைத்தே போலீசை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். இங்கே ரகசியம் இரும்புப்பெட்டியில் இல்லை, ஒரு தொழிலாளியின் தலைக்குள் இருக்கிறது. டார்ச்லைட் சொன்ன லாங் வழக்குக்கு மிக அருகில் வருவது இந்தப் படம்தான், திருடுபவனுக்குப் பதில் திருட விடாதவன் என்பது மட்டும் வித்தியாசம்.

'காட்டேஜ் டு லெட்' கேள்வி கேட்டவரே பார்த்துவிட்டார். மற்றவர்களும் பாருங்கள், அலஸ்டர் சிம் வரும் காட்சிகளுக்காகவே. நாடகத்திலிருந்து வந்ததால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கும், அது அலுக்காமல் போவது திறமை. யார் உளவாளி என்று சொல்ல மாட்டேன்.

'சீக்ரெட் வெப்பன்' ஜாலி. டோபல் என்ற விஞ்ஞானி கருவியை நாலாகப் பிரித்து நாலு பேரிடம் கொடுத்துவிடுகிறார். கடைசியில் பரம எதிரி மோரியார்ட்டி ஹோம்ஸின் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறான், அந்த யோசனையைக் கொடுத்ததே நேரம் கடத்த நினைத்த ஹோம்ஸ்தான். லாஜிக் கேட்காதீர்கள்.

வரலாற்று ஆர்வத்துக்காக மட்டும் 'மர்டர் இன் தி ஏர்' (1940, வார்னர்). எதிரி விமானங்களின் மின்சாரத்தை நிறுத்தும் 'இனர்ஷியா புரொஜெக்டர்', அதைக் காப்பவர் ரொனால்ட் ரீகன்! 1983-இல் அவர் ஜனாதிபதியாக இருந்து ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்த பிறகு சிலர் இந்தப் படத்தைத் தேடி எடுத்தார்கள்.

'தி டான் எக்ஸ்பிரஸ்' பார்த்தாயிற்று என்றால் பி.ஆர்.சி. பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல மங்கல், இருட்டுக் காட்சியில் யார் யாரைச் சுட்டார் என்றே தெரியாது.

கறுப்புவெள்ளை எழுதியது:

நன்றி எல்லோருக்கும். போருக்குப் பிறகு இந்த வகை அப்படியே நின்றுவிட்டதா?

டார்ச்லைட் பதில்:

நிற்கவில்லை, எதிரி மட்டும் மாறினான். 'வாக் எ குரூக்கட் மைல்' (1948) பாருங்கள், அணு ஆய்வு மையத்து ஃபார்முலாக்கள் ஓவியங்களுக்குள் ஒளிந்து வெளியே போகின்றன. இரண்டே ஆண்டில், 1950-இல் கிளாஸ் ஃபூக்ஸ் பிடிபட்டார், அமெரிக்கா அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்து அணுகுண்டு விவரங்களைச் சோவியத்துக்குக் கொடுத்த இயற்பியலாளர். போர் நடந்த காலத்தில் ஒரு படமும் ரகசியத்தை விஞ்ஞானியே கொடுப்பார் என்றோ, அது (அன்றைய சோவியத் மாதிரி) நேச நாட்டுக்குப் போகும் என்றோ காட்டியதாக எனக்கு நினைவில்லை. யாருக்காவது தெரிந்தால் போடுங்கள்.