நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா: ஊருக்காகக் கேட்டால் கொடுப்பீர்களா?

அம்பை கடைக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் 31 வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

மூத்த மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே குடியுரிமை வாங்கி, இந்த நவம்பரில்தான் முதல் ஓட்டு. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பிரித்துக் காட்டினாள். ஆட்களின் பெயர்களுக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. தீயணைப்பு நிலையம், சாலை, நூலகம் இதற்கெல்லாம் பணம் வேண்டும், நகரத்தில் விற்கும் பொருள்கள் மேல் அரை சதவீதம் கூடுதல் விற்பனை வரி போடலாமா என்று. ஆம், இல்லை என இரண்டு வட்டம். கூடவே ஒரு புத்தகம். வரி வேண்டும் என்பவர்கள் சொல்வது ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் சொல்வது அடுத்த பக்கம். "அப்பா, நீங்கதான் வியாபாரி. நான் எந்த வட்டத்தை நிரப்ப?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வியாபாரியாக யோசித்தால் கை 'இல்லை' பக்கம்தான் போகிறது. வரி யார் தலையில் விழுகிறது என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளில் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை அனுப்ப ஆரம்பித்தார்கள். மூட்டையாக வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்குகிறவருக்கு உண்டு. பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேராக என் கடைக்கு வருவார். அன்றைக்குப் பையைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப அடுக்கில் வைத்தார். "சில்லறையா அளந்து போடுங்க அண்ணாச்சி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் மனசு இன்னொரு பக்கமும் இழுக்கிறது. அதே 2022-இல் சொத்து வரியும் ஏறியது. கடைக் கட்டடங்களுக்கு நூறு சதவீதம். அரையாண்டுக்கு 1,140 கட்டிக்கொண்டிருந்த நான் 2,280 கட்டினேன். கொடுத்ததில் வருத்தமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. ஐப்பசி வந்தால் நானே ஒரு பலகையைப் போட்டு மேலே செங்கல் வைக்கிறேன். போன வருஷம் தண்ணீரில் பலகை நகர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையனின் கால் உள்ளே போய்விட்டது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தோல் உரிந்துவிட்டது. கடைக்குள் உட்கார வைத்து நான்தான் கழுவிக் கட்டு போட்டேன். அவன் அழவே இல்லை, புத்தகப் பை நனைந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். வரி கட்டிய ரசீது அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. "இந்தப் பணத்தில் இந்த மூடியைப் போடுகிறோம், சம்மதமா?" என்று முன்கூட்டியே என்னை யாராவது கேட்டிருந்தால், இன்னும் கூடக் கொடுத்திருப்பேன்.

மகளுக்கு என்ன சொல்ல? அப்புறம், நம் ஊரில் இப்படி நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா கேட்டு ஓட்டு வைத்தால் நீங்கள் எதில் போடுவீர்கள்?

வீரவநல்லூர் பையன்:

அண்ணாச்சி, நான் 12 வருஷமாக சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறேன். இங்கே மாநிலம் முழுக்க அடிப்படை விற்பனை வரி 7.25 சதவீதம். அதற்கு மேல் கால், அரை என்று ஊருக்கு ஊர் ஓட்டுப் போட்டு ஏற்றிக்கொள்வார்கள். காரணம் பழையது. 1978-இல் மக்களே ஓட்டுப் போட்டு, சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமாக்கிவிட்டார்கள். வீடு கைமாறும்வரை வரி மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த வாசல் அடைபட்டதால் நகரங்கள் இந்த வாசலுக்கு வருகின்றன.

உங்கள் மனசில் இருக்கிற அந்த அக்காவுக்காக ஒன்று சொல்கிறேன். அரிசி, பருப்பு, காய்கறி என வீட்டில் சமைக்க வாங்குவதற்கு இங்கே விற்பனை வரி கிடையாது. துணி, டிவி, ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது, இதற்கெல்லாம் உண்டு.

அது பொது வரியா, குறிப்பிட்ட காரியத்துக்கான வரியா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பொது வரி பாதிக்கு மேல் ஓட்டு கிடைத்தாலே நிறைவேறிவிடும். ஆனால் பணம் பொதுக் கணக்கில் சேரும், நூலகத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இருக்காது. குறிப்பிட்ட காரியத்துக்கு என்று நகர மன்றம் கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்பதையும் பார்க்கணும். காலக்கெடு இல்லாத வரிக்கு நான் ஓட்டுப் போடுவதில்லை.

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்:

நம் ஊரில் இந்த ஓட்டை வைக்க வழியில்லை அண்ணாச்சி. விற்பனை வரி ஊரின் கைக்கு வரவே இல்லை. 1939-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டப் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அது மாகாணக் கஜானாவுக்கு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி, மத்தியும் மாநிலமும் பிரித்துக்கொள்கின்றன. ஊருக்கென்று உள்ளவை சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் மாதிரி சிலதுதான்.

2022 ஏற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியைத் திருத்தினால்தான் மானியம் என்று மத்திய அரசின் 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்தது. அதற்கு முன் 2018-இல் ஒரு தடவை ஏற்றி, 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு ஒரே அடியாக ஏற்றியது தப்பு. வசூலுக்கு வாசல் வாசலாக நடந்தவன் என்பதால் சொல்கிறேன், ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் கொடுப்பார்கள்.

உங்கள் வரி விவரத்தைப் பாருங்கள். நூலக வரி என்று ஒன்று தனியாக இருக்கும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்தது, இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. ஆக, மகள் ஊரில் எதற்கு ஓட்டுக் கேட்கிறார்களோ அதற்கு நீங்கள் முன்பே கொடுத்து வருகிறீர்கள்.

மூடி விஷயத்தை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வரியை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு.

சாத்தூர் வத்தல் கடை:

அண்ணாச்சி, ஓட்டுப்பெட்டி இல்லாமலே நம் சீமையில் இது நடந்திருக்கிறது. சிவகாசி, சாத்தூரெல்லாம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாதான். நாடார் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்காகத் தங்களுக்குத் தாங்களே ஒரு வரி, அதாவது மகமை, வைத்துக்கொண்டார்கள். வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை எழும்பியது அப்படித்தான். காமராஜர் படித்த பள்ளிக்கூடம்.

எங்கள் தாத்தாவின் பேரேடு இன்னும் பரணில் இருக்கிறது. ஒவ்வொரு வத்தல் மூட்டைக்கும் கீழே 'மகமை' என்று தனியாக எழுதியிருப்பார். வருஷத்தில் ஒரு நாள் கணக்கைச் சத்தமாக வாசிப்பார்களாம், யாரும் எழுந்து கேட்கலாமாம். பெண்கள் வெளியே நின்றுதான் கேட்டார்கள் என்று அம்மா சொல்லுவாள். ஒரு சமூகத்துக்குள்ளேயே நின்றதும் குறைதான். அந்த இரண்டு குறையையும் மறைக்க எனக்கு மனசில்லை. ஆனால் மூட்டைக்குக் காசு வைத்தவர் கண்முன்னால் சுவர் எழும்பியது. கணக்கை வாசிப்பார்கள் என்றால் நான் ஆம்தான்.

அம்பை கடைக்காரர்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மகளிடம் பேசினேன். அரிசிக்கு வரி இல்லை என்று கேட்டதும் பாதி பாரம் இறங்கிவிட்டது. பொது வரிதானாம், பத்து வருஷத்துக்காம், கணக்குப் பார்க்க ஊர்க்காரர்கள் குழு ஒன்று உண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். "ஆம் போடும்மா. ஆனா அந்தக் குழு கூடுறப்போ வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் உட்காரு" என்று சொன்னேன். சரி என்றாள்.

ஐயா, வரி விவரத்தை எடுத்துப் பார்த்தேன். நூலக வரி இருக்கிறது. இத்தனை வருஷமும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டியிருக்கிறேன்.

மனுவும் எழுதிவிட்டேன். டேப் வைத்து அளந்து, நீளம் மூன்றரை அடி, அகலம் இரண்டு அடி என்று அதிலேயே குறித்திருக்கிறேன். எதிர்க்கடை டெய்லரும் பூக்கார அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். கால் மாட்டிய பையனின் அப்பாவும் போட்டார். திங்கட்கிழமை வரி கட்டப் போகும்போது கொடுக்கிறேன். முத்திரை வாங்காமல் திரும்ப மாட்டேன்.