தம்பியின் ரிப்போர்ட்

தம்பி: ரிப்போர்ட் வந்துவிட்டது. எச்.ஐ.வி. நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ். ஆனால் அதற்குக் கீழேயே ஆர்.என்.ஏ. கண்டறியப்படவில்லை என்று போட்டிருக்கிறது. நான் போதை ஊசி போட்டது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் குழுவிலேயே போடுகிறேன். அக்கா, பார்த்துச் சொல்லு.

பெரியம்மா: பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதே கண்ணு. எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது.

அக்கா: பெரியம்மா, நல்ல செய்திதான், முதலில் உட்காருங்கள். ஆன்டிபாடி என்பது இந்தக் கல்லீரல் வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்ததற்கான தடயம். ஆர்.என்.ஏ. என்பது வைரஸேதான். அது இப்போது ரத்தத்தில் இல்லை. மருந்து எதுவும் எடுக்காமலே இவன் உடம்பு அதை வெளியேற்றியிருக்கிறது.

பெரியம்மா: அப்பாடா. இப்போதுதான் மூச்சு வருகிறது.

மாமா: நம்ம ரத்தம் அப்படிப்பட்ட ரத்தம்! நேற்றே ஒன்று வந்தது, பாருங்கள்.

மாமா: (ஃபார்வர்டு) சிலருக்குப் பிறவியிலேயே வைரஸ் எதிர்ப்பு ஜீன் உண்டு. பத்துப் பேர் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டாலும் அவர்களை எய்ட்ஸோ காமாலையோ நெருங்காது!!

மாமா: மாப்பிள்ளைக்கும் அது இருக்கும் போல. இனி பயமில்லை.

அக்கா: மாமா, இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மீதி தப்பு. விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவன் விஷயத்தில் அது முக்கியம்.

அக்கா: எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய பெரும்பாலும் சிசிஆர்5 என்ற புரதம் வேண்டும். அதுதான் கதவு. அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு, 1996ல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் அந்த வடிவம் வந்திருந்தால் கதவே கிடையாது. ஆனால் அப்படி இருப்பவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியிலேயே சுமார் 100 பேரில் ஒருவர்தான். ஆசியாவில் மிக மிக அரிது. அவர்களிலும் சிலருக்கு எச்.ஐ.வி. வந்திருக்கிறது, ஏனென்றால் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு கதவு வழியாக நுழையும் வகையும் உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கோ இந்தக் கதவு தேவையே இல்லை. அது கல்லீரல் செல்லுக்குள் வேறு வழியாகப் போகிறது.

நான்: அப்படியானால் தம்பிக்கு ஹெபடைட்டிஸ் சி தானாகப் போனது எப்படி?

அக்கா: தொற்றியவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு 6 மாதத்துக்குள் தானாகப் போய்விடும். யாருக்குப் போகிறது என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்களில் ஒரு வகை இன்டர்ஃபெரான் லாம்ப்டா. அதற்கான மரபணுக்கள் 19வது குரோமோசோமில் இருக்கின்றன. அங்கே ஒரே ஒரு எழுத்து மாறுவதால் இந்த வாய்ப்பு பெரிதாக மாறுகிறது என்று 2009ல் தெரிந்தது. 2013ல் இன்னும் ஆச்சரியம்: லாம்ப்டா 4 என்ற புரதத்தை உருவாக்க முடியாதவர்கள்தான் வைரஸை நன்றாக விரட்டுகிறார்கள். செல்லுக்குள் வைரஸ் இருப்பதை நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ என்ற புரதத்தில் பி57, பி27 வகைகள் இருப்பவர்களும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி இரண்டையும் மற்றவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள். பெண்களுக்கும் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தானாகப் போகிறது.

அக்கா: ஆனால் மாமா, நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது 2004ல் வந்த ஓர் ஆய்வு. வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் என்.கே. செல்கள் நம் உடம்பில் உண்டு. அவற்றை இயக்கும் மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட ஜோடி இருந்தால் ஹெபடைட்டிஸ் சி போக வாய்ப்பு அதிகம் என்று பார்த்தார்கள். ஊசி மாதிரி, வைரஸ் கொஞ்சமாக உள்ளே போகும் வழியில் தொற்றியவர்களிடம் மட்டும்தான் அந்தப் பலன் தெரிந்தது. ரத்தம் ஏற்றியதில் தொற்றியவர்களிடம் தெரியவில்லை. உள்ளே போகும் வைரஸ் அளவு கூடினால் நல்ல மரபணுவும் கைகொடுக்காது.

தம்பி: அக்கா, ஒன்று புரியவில்லை. நான் யாருடைய ஊசியையும் வாங்கிப் போட்டதில்லை. எனக்கு எப்படி வந்தது?

அக்கா: கரைப்பதற்கு எது வைத்திருந்தீர்கள்?

தம்பி: ஒரே மூடி. எல்லோரும் அதிலிருந்துதான் உறிஞ்சுவோம். வடிகட்டும் பஞ்சும் ஒன்று. ஊசி அலசும் தண்ணீரும் ஒன்றுதான்.

அக்கா: அது போதும்டா. ஒருவர் ஊசியில் ஒட்டிய ரத்தம் தண்ணீருக்கு வந்து, அங்கிருந்து அடுத்தவர் ஊசிக்குப் போகும். ஆய்வகத்தில் சிரிஞ்சுக்குள் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்திருக்கிறது. ஊசியைத் தனியாகக் கழற்றும் சிரிஞ்சில் இன்னும் அதிக ரத்தம் தங்கும். ஊசி, மூடி, பஞ்சு, தண்ணீர் எல்லாமே ஆளுக்குத் தனித்தனியாக இருக்க வேண்டும்.

மாமா: சரிம்மா. ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்து நிச்சயப்படுத்திவிடலாமே? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா: வேண்டாம் மாமா. இன்டர்ஃபெரான் ஊசி மருந்து கொடுத்த காலத்தில், அது யாருக்கு வேலை செய்யும் என்று பார்க்க அந்த டெஸ்ட் உதவியது. இப்போது 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறது. அந்த டெஸ்டைப் பார்த்து இவன் செய்யப்போவது எதுவும் மாறாது. ஒருமுறை போன வைரஸ் மறுபடியும் தொற்றும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை. இவனுக்கு இனி பயமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அவனும் அதை நம்பிவிடுவான்.

தம்பி: நம்ப மாட்டேன் அக்கா. போதை ஊசியிலிருந்து மீள்வதற்கான புப்ரெனார்பின் மாத்திரையை விடாமல் எடுக்கிறேன்.

அக்கா: ரொம்பச் சந்தோஷம்டா. அந்த மாத்திரையே புதிதாக ஹெபடைட்டிஸ் சி தொற்றும் ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கூடவே புது ஊசியும் தாராளமாகக் கிடைத்தால் ஆபத்து முக்கால்வாசி குறைகிறது. எந்த நல்ல மரபணுவையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

பெரியம்மா: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இவன் குடித்த டம்ளரில் நாங்கள் குடிக்கலாமா? இத்தனை நாள் தனியாக வைத்திருந்தேன்.

அக்கா: தாராளமாகக் குடிக்கலாம். வைரஸ் இருந்தாலும் டம்ளரில், தட்டில், கட்டிப்பிடிப்பதில் தொற்றாது. ரேசர், டூத் பிரஷ் மட்டும் யாரோடும் பகிர வேண்டாம்.

பெரியம்மா: சரிம்மா. இன்றைக்கே எடுத்து ஒன்றாக வைக்கிறேன்.

அக்கா: தம்பி, இரண்டு விஷயம். ஆன்டிபாடி இனி எப்போதும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும், அதனால் அடுத்த முறை ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் கேட்க வேண்டும். அப்புறம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாயா பார். கடைசியாக மற்றவர்களோடு சேர்ந்து ஊசி போட்டது எப்போது என்று எனக்குத் தனியாக அனுப்பு. 6 மாதத்துக்குள் என்றால் ஆர்.என்.ஏ. இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

தம்பி: அனுப்பிவிட்டேன் அக்கா.

மாமா: நீ எழுதியதை என் நண்பர்கள் குழுவில் போடலாமா? அங்கேயும் அந்த ஃபார்வர்டு சுற்றுகிறது.

அக்கா: போடுங்கள் மாமா. தம்பி ரிப்போர்ட்டும், அவனைப் பற்றிய ஒரு வரியும் மட்டும் போகக்கூடாது.

மாமா: அது எனக்குத் தெரியாதா. எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன்.