ஹெர்பர்ட் ஹேட்லி வகித்த பதவிகளுக்குத் தமிழ்ச்சொல் தேவை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹேட்லியைப் பற்றி எழுதிவரும் கட்டுரை, அவருடைய இரு பதவிகளையும் பிரித்துக் காட்டும் சொற்கள் கிடைக்காமல் பாதியில் நிற்கிறது. அவர் 1901 முதல் 1903 வரை ஜாக்சன் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) பிராசிக்யூட்டிங் அட்டர்னி, அதாவது அங்கே குற்ற வழக்குகளை அரசு சார்பில் நடத்துபவர். 1905 முதல் 1909 வரை மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. பின்னர் 1913 வரை ஆளுநர். அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற பெரும் எண்ணெய் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து, 1906 ஜனவரியில் நியூயார்க்குக்கே சென்று அதன் பெருந்தலைகளில் ஒருவரான எச். எச். ரோஜர்ஸை விசாரித்தார், ரோஜர்ஸ் பல கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்தார். கட்டுரையின் உயிரே அந்தக் காட்சிதான்.

‘அரசு வழக்கறிஞர்’ என்று எழுதிப் பார்த்தேன். இரு பதவிகளும் ஒன்றாகிவிட்டன. ‘தலைமை வழக்கறிஞர்’ என்றால், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவரை, நம் நாட்டு வழக்கப்படி நியமனம் பெற்றவர் என்றே வாசகர் எண்ணுவார். அகராதிகளும் கைகொடுக்கவில்லை.

இவ்விரு பதவிகளையும் குழப்பமின்றிக் குறிக்க நீங்கள் எந்தச் சொற்களைப் பயன்படுத்துவீர்கள்?