மிளகாய்க்குச் சீனித்தண்ணீர்: வன்னித் தோட்டக்காரரின் அனுபவப் பகிர்வு

மாங்குளத்திலிருந்து:
கனடாவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் சாடிகளில் கஞ்சாச் செடி வளர்க்கிறார். அங்கே 2018 ஒக்டோபரிலிருந்து அதற்குச் சட்ட அனுமதி உண்டு; இங்கே அது குற்றம், ஆகவே அந்தச் செடியைப் பற்றி நான் கேட்க வரவில்லை. பூக்கும் பருவத்தில் மொலாசஸ் (கரும்புச் சீனி ஆலையில் எஞ்சும் கரிய பாகு) கரைத்த தண்ணீரை மண்ணில் ஊற்றினால் பூ கனக்கும், மணமும் கூடும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். இப்போது பூக்கத் தொடங்கியிருக்கும் என் மிளகாய்க் கன்றுகளுக்கும் அப்படிச் செய்யலாமா, செய்வதென்றால் சீனி நல்லதா சர்க்கரை (வெல்லம்) நல்லதா என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, யூரியாவைக் கண்ணாலும் காண முடியாதிருந்த காலத்தில், எங்கள் ஊரில் ஆளுக்கொரு கரைசல் தயாரித்தார்கள். என் மாமனார் யாரோ சொன்னதைக் கேட்டு, எருவோ குழையோ இடாத ஒரு கத்தரிப் பாத்திக்கு வெறும் சீனிக்கரைசலை ஊற்றி வந்தார். சில நாட்களிலேயே அடியிலைகள் மஞ்சளித்து, கன்றுகள் வளர்ச்சியின்றி நின்றுவிட்டன. ஆட்டெரு போட்டிருந்த பக்கத்துப் பாத்தியோ கரும்பச்சையாக இருந்தது. நோய் என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம், ஆனால் கரைசலை நிறுத்தியபின் மருந்து எதுவும் அடிக்காமலே மெல்ல மெல்லப் பச்சை திரும்பியது.

கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்:
ஒட்டுசுட்டான் தம்பி கண்டது நோயன்று, நைதரசன் பசி. செடி தனக்கு வேண்டிய சீனியை இலையில் ஒளித்தொகுப்பினால் தானே ஆக்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியை வேர் வழியாக மண்ணுக்கே கசியவிட்டு நுண்ணங்கிகளை வளர்க்கிறது. நாம் ஊற்றும் சீனியை அந்த நுண்ணங்கிகள்தாம் முந்திக்கொண்டு உண்கின்றன, வேருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். சீனியில் காபன் உண்டு, நைதரசன் துளியும் இல்லை. ஒரு கிலோ சீனியிலுள்ள ஏறத்தாழ 420 கிராம் காபனில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தம் உடலாக்கவே பக்டீரியாக்களுக்கு 20 கிராமுக்கு மேற்பட்ட நைதரசன் தேவைப்படும் என்று கணக்கிடலாம்; யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால், அது கிட்டத்தட்ட 50 கிராம் யூரியாவை மண்ணிலிருந்து எடுத்து ஒளித்துவைப்பதற்குச் சமம். அந்த நுண்ணங்கிகள் மடிந்து சிதையும்போது நைதரசன் மீண்டும் வெளிவரும், கத்தரி தானாகத் தேறியது அதனால்தான். ஆஸ்திரேலியாவில் பழைய புல்வெளிகளை மீட்டெடுப்பவர்கள் இதே காரணத்துக்காக வேண்டுமென்றே மண்ணில் சீனி இட்டிருக்கிறார்கள்: நைதரசன் குறைந்தால் களைகள் தளரும் என்பது அவர்களின் கணக்கு. களையைத் தளர்த்தப் பயன்படும் பொருளைப் பயிருக்கு ஊட்டம் என்று ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மொலாசஸ் சற்று வேறு. சீனியைப் பிரித்தபின் எஞ்சும் அந்தப் பாகில் பொட்டாசியம், கல்சியம், மகனீசியம், இரும்பு முதலியன உண்டு என்பதால் சிறிது பலன் தெரியக்கூடும். ஆனால் அது அந்த உப்புகளின் பலன், இனிப்பின் பலன் அன்று. மாங்குளம் தம்பியின் மைத்துனர் சாடிக்கு வேறு என்ன உரம் இடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நாள்தோறும் நைதரசன் ஊட்டப்படும் சாடியில் சீனி செய்யும் திருட்டு வெளியே தெரியாது. எங்கள் செம்மண்ணிலும் மணற்பாங்கான தறையிலும் சேதனப் பொருள் முன்பே குறைவு, திருடுவதற்கும் அதிகம் இல்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து:
ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆயினும் சர்க்கரைக்குத் தோட்டத்தில் இடமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கொண்டுவரும் மீன்கழிவுக்குச் சம நிறைச் சர்க்கரை சேர்த்து, மூடிவைத்துப் புளிக்கவிட்டு, நன்றாக ஐதாக்கி மிளகாய்க்கு விடுகிறேன். கன்று தளதளவென்று வருகிறது. அங்கே நைதரசனைக் கொடுப்பது மீன், சர்க்கரை புளிப்பதற்கு மட்டுமே. ஜீவாமிர்தம் என்னும் புளிக்கவைத்த இயற்கைக் கரைசலிலும் 200 லீற்றர் தண்ணீருக்கு 10 கிலோ மாட்டுச்சாணமும் கோமூத்திரமும் பயற்றமாவும் இருக்க, சர்க்கரை 2 கிலோதான். பனங்கட்டியைக் கரைத்து நேரடியாக ஊற்றிய அயல்வீட்டு அக்காவின் சாடிகளில் எறும்பு குடியேறியது. எறும்பு வந்த இடத்தில் சாறுறிஞ்சும் பூச்சியான அழுக்கணவனும் பெருகும், ஏனென்றால் அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

மாங்குளத்திலிருந்து:
மைத்துனரிடம் கேட்டேன், ஐயா. போத்தலில் வாங்கும் திரவ உரத்தை ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் கலக்கிறாராம். மொலாசஸ் விடாத சாடி ஒன்றையாவது ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்றதற்கு, இல்லை என்றார். நான் இரண்டு பாத்திக்கு மக்கிய ஆட்டெரு சொல்லியிருக்கிறேன், சர்க்கரை தேநீருக்கே இருக்கட்டும்.