‘கற்றல்’ வேண்டாம், ‘படியெடுத்தல்’ என்று வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

சுவரில் பொருத்தும் கட்டுப்பாட்டுப் பலகையில் ரிமோட்டின் குறிகளைப் பதிந்துகொள்ள ‘லேர்ன்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்குத் தமிழில் ‘கற்றல்’ போதும், ‘மெஷின் லேர்னிங்’குக்கு ‘இயந்திரக் கற்றல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

பலகை என்ன செய்கிறது என்று பாருங்கள். ரிமோட்டை அதற்கு நேராகச் சில அங்குலத் தூரத்தில் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அகச்சிவப்பு ஒளி விட்டு விட்டு எரிகிறது. எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, எரியும்போது நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை துடித்தது என்று அளந்து அப்படியே வைத்துக்கொள்கிறது, பிறகு ரிமோட்டுக்குப் பதிலாக அதையே திருப்பி அனுப்புகிறது. பல ரிமோட்டுகளில் இருக்கும் என்இசி என்ற குறிமுறை என்றால் துடிப்பு 38 கிலோஹெர்ட்ஸ், முதலில் 9 மில்லிநொடி ஒளி, 4.5 மில்லிநொடி இடைவெளி, அப்புறம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். அந்தக் குறி டிவியை அணைக்கவா, ஒலியைக் கூட்டவா என்பது பலகைக்குத் தெரியாது.

கல்வெட்டில் மைப்படி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் படியவைத்து, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். எடுப்பவருக்கு வட்டெழுத்து ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருக்கலாம், படி சரியாகவே வரும். ஆனால் கல்லில் விரிசல் இருந்தால் அதுவும் எழுத்தோடு சேர்ந்து வந்துவிடும். பலகையும் அப்படித்தான். பக்கத்தில் சிஎஃப்எல் விளக்கு எரிந்தால் அதன் துடிப்பும் குறியோடு கலந்துவிடலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியவில்லை. எங்கள் வீட்டு ஏசி ரிமோட்டில் 24 டிகிரி இருந்தபோது கூட்டும் பொத்தானை அழுத்திப் பலகையில் பதிந்தேன். அன்றிலிருந்து அம்மா பலகையில் எத்தனை முறை அழுத்தினாலும் ஏசி 25-லேயே நின்றது. ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், குளிர்ப்பு நிலை எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புகிறது, பலகை பிடித்துவைத்தது அந்த மொத்தத்தை. ‘நீதானே கற்றுக்கொடுத்தாய், ஏன் கூட்ட மாட்டேன் என்கிறது?’ என்று அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கற்றது என்றால் புரிந்துகொண்டது என்றுதானே தமிழில் பொருள்.

பிலிப்ஸின் ஆர்சி-5 என்ற ரிமோட் குறிமுறையிலும் இதே சிக்கல் உண்டு. அதில் ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் ஒரு பிட் மாற வேண்டும். பதிந்த குறியில் அது மாறாது, அதனால் 11-ஆம் சேனலுக்கு இரண்டு முறை 1 அழுத்தினால், விரலை எடுக்கவே இல்லை என்று டிவி நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் பரிந்துரை ‘படியெடுத்தல்’. பதிந்துவைத்த குறிக்குக் ‘குறிப்படி’, பொத்தானில் ‘படியெடு’. ‘நகலெடு’ ஏன் கூடாது என்று கேட்பீர்கள். அது கோப்புக்கும் உரைக்கும் நிலைத்துவிட்டது, ஒரே திரையில் இரண்டு வேலைக்கும் வந்தால் குழப்பம். ‘படி’ என்றால் மாடிப்படி, அளக்கும் படி என்று பல பொருள் வருமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் ‘படியெடு’ என்று சேர்த்துச் சொன்னால் யாரும் மாடிப்படியை நினைக்க மாட்டார்கள். தவிர, ‘படி’ என்பதில் படித்தல், படிதல் இரண்டும் ஒலிக்கின்றன. ‘லேர்ன்’ என்ற சொல்லைப் பார்த்துப் பழகியவருக்கும் அது அந்நியமாக இருக்காது.

குறியைச் சுமந்துவரும் அந்த வேகத் துடிப்பை ஆங்கிலத்தில் ‘கேரியர்’ என்கிறார்களே, அதற்கு இயற்பியலில் படித்த ‘ஊர்தி அலை’யே போதும், அதைத் தொட வேண்டாம்.

திரையில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ‘கற்றுக்கொள்’ பொத்தானுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக உடைந்தது, ‘படியெடு’ ஒரே வரியில் நின்றது. வேறு சொல் இருந்தால், அது நான் சொன்ன ஏசி பொத்தானுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.