காசு கொடுத்து வாங்கிய பாட்டு படகு செட்டில் ஓடவில்லை: பூட்டுப் போட்ட ஃபைல்களுக்கு வழி உண்டா?

வாடைக்காத்து (தங்கச்சிமடம்)

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கையில் இருப்பது மூன்று வகை, எல்லாமே காப்பி எடுக்க விடாத மென்பொருள் பூட்டு போட்டவை. லண்டனில் இருந்த மச்சான் 2006, 2007-ல் ஆன்லைனில் வாங்கிய பாட்டுகள் ஏறக்குறைய 140, எல்லாம் டாட் எம்4பி (ஆப்பிள் ஐட்யூன்ஸ் கடையின் பூட்டிய ஃபைல்). அதே காலத்தில் வேறொரு கடையில் வாங்கிய டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்ட் வகை) ஃபைல்கள் ஒரு 60. அந்தக் கடை இப்போது இல்லை, பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்தில் மட்டும் ஓடுகிறது. மூன்றாவது, மாதச் சந்தா கட்டும் ஆப்பில் போனில் இறக்கி வைத்தவை.

படகில் இருப்பது 12 வோல்ட் கார் செட், யூஎஸ்பி மட்டும்தான். முதல் இரண்டு வகையையும் பென் டிரைவில் போட்டால் செட் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகிறது. மூன்றாவது வகை ஃபைலாகவே கண்ணில் படவில்லை. டவர் விட்டுப் போன பிறகு சில நேரம் போனிலும் திறப்பதில்லை. ஃபைல் பெயரில் எம்பி3 என்று மாற்றியும் பலன் இல்லை. முழுக் காசு கொடுத்தவனைத் திருடன் மாதிரி நடத்துவது எந்த ஊர் நியாயம்? மச்சானின் பழைய ஐடியும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

கீழக்கரை சிஸ்டம் சர்வீஸ்

தம்பி, செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எக்ஸ்பி சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணாதீங்க, மதர்போர்டு மாற்றாதீங்க, யாரிடமும் "சர்வீஸ் பண்ணு" என்று கொடுக்காதீங்க. அந்த 60 பாட்டின் சாவி உலகத்திலேயே அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறது.

டபிள்யூஎம்ஏ ஃபைலுக்குள் பாட்டு பூட்டிக் கிடக்கும். திறக்கும் லைசென்ஸ் தனியாக விண்டோஸுக்குள் மறைவான ஃபோல்டரில் இருக்கும், அது அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டுவேரோடு கட்டப்பட்டது. ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வேறு மெஷினில் போட்டாலும் வேலை செய்யாது. மீடியா பிளேயர் 9, 10-ல் லைசென்ஸ் பேக்கப் வசதி இருந்தது, ஆனால் திரும்ப ஏற்றும்போது இணையத்தில் சர்வரைக் கேட்கும். 11-ல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அதனால் பேக்கப்பை நம்ப வேண்டாம், இன்றைக்கே சிடியில் இறக்குங்கள்.

ஒரு பாட்டின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லைசென்ஸ் டேப். சிடியில் எழுத அனுமதி உண்டா, எத்தனை தடவை என்று அதில் இருக்கும். அனுமதி இருந்தால் மீடியா பிளேயரிலேயே "ஆடியோ சிடி" என்று தேர்ந்தெடுத்து எழுதுங்கள். "டேட்டா சிடி" என்று எழுதினால் பூட்டோடுதான் போய் உட்காரும், பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு சிடிக்கு 80 நிமிடம். பாட்டு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 16, ஆக 60 பாட்டுக்கு நாலு சிடி. சிடி-ஆர்டபிள்யூ வாங்கினால் ஒன்றையே அழித்து அழித்து எழுதலாம். பழைய ரைட்டர் செத்திருந்தால் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றை மாட்டுங்கள். வேகம் 8எக்ஸ் அல்லது 16எக்ஸ் போதும். சிஸ்டம் போட்டதும் தேதி தப்பாகக் காட்டினால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்த பிறகே பாட்டுகளைத் திறங்கள். தேதி பார்த்துத் திறக்கும் லைசென்ஸ்கள் உண்டு.

எழுத அனுமதி இல்லாத பாட்டுகளை ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும். எக்ஸ்பியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து 3.5 எம்எம் ஸ்டீரியோ கேபிளை இன்னொரு கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன்னுக்குக் கொடுங்கள். அடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 44100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல். லேப்டாப்பின் மைக் ஓட்டை பெரும்பாலும் மோனோ, அதில் செருகினால் ஒரு பக்கச் சத்தம் காணாமல் போகும். லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு தேவைப்படும். 60 பாட்டுக்கு ஐந்து மணி நேரம் ஓடும், அவ்வளவுதான்.

இனி எம்4பி. இது ஆப்பிளின் ஃபேர்பிளே பூட்டு. இதில் உங்கள் நிலைமை எவ்வளவோ தேவலை. பழைய பாட்டுகள் 128 கேபிபிஎஸ், பூட்டோடு விற்கப்பட்டவை. 2007-ல் ஒரு கம்பெனியின் பாட்டுகள் பூட்டில்லாமல் 256-ல் வந்தன, 2009-ல் கடை முழுக்கப் பாட்டுக்குப் பூட்டை எடுத்துவிட்டார்கள். ஆகவே மச்சானின் ஐடியில் ஐட்யூன்ஸுக்குள் போய், "பர்ச்சேஸ்டு" பட்டியலில் இருக்கும் பாட்டைத் திரும்ப இறக்கினால் பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் எம்4ஏ ஃபைல் கிடைக்கும். பழைய ஃபைலை வேறு டிஸ்க்கில் காப்பி வைத்துவிட்டு லைப்ரரியிலிருந்து எடுத்தால்தான் இறக்கும் பட்டன் தெரியும். இறங்கியதும் "கெட் இன்ஃபோ", ஃபைல் டேப் பாருங்கள். "புரொடெக்டட் ஏஏசி" என்றால் பூட்டு இருக்கிறது, "பர்ச்சேஸ்டு ஏஏசி" என்றால் இல்லை.

தடுக்கி விழும் இடங்கள் நாலைந்து உண்டு. ஐடியின் நாட்டை இந்தியா என்று மாற்றாதீங்க, லண்டன் கடையில் வாங்கியவை பட்டியலை விட்டு மறைந்துவிடும். ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்று மச்சானைக் கேளுங்கள். பழைய லண்டன் நம்பர் என்றால், அவர் இப்போது உள்நுழைந்திருக்கும் போனிலிருந்தே இந்திய நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு ஐடியிலிருந்து இன்னொன்றுக்கு வாங்கியவற்றை மாற்றும் வசதியை 2025-ல் ஆப்பிள் கொண்டுவந்தது, ஆனால் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் அது கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு ஐடிக்கு ஐந்து கம்ப்யூட்டர்தான். "இனி இடமில்லை" என்று வந்தால் அக்கவுண்ட் பக்கத்தில் "டீஆத்தரைஸ் ஆல்" கொடுக்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும். விண்டோஸில் புதிய ஆப்பிள் மியூசிக் ஆப்பைப் போடாதீங்க. போட்டால் பழைய ஐட்யூன்ஸ் பாட்கேஸ்டுக்கும் ஆடியோ புக்குக்கும் மட்டும் என்று சுருங்கிவிடும்.

கம்பெனி விற்பனையை நிறுத்திய பாட்டுகள் திரும்ப இறங்காது. அவற்றுக்கு மட்டும் ஐட்யூன்ஸில் பிளேலிஸ்ட் போட்டு ஆடியோ சிடி எழுதுங்கள். ஒரே பிளேலிஸ்ட்டை ஏழு தடவை எழுத அனுமதி உண்டு. "சிடி டெக்ஸ்ட்" டிக் போட்டால் பாட்டின் பெயரும் கூடப் போகும், இல்லையென்றால் ட்ராக் 1, ட்ராக் 2 என்று உட்கார்ந்து பெயர் அடிக்க வேண்டியதுதான். சிடியிலிருந்து எடுக்கும்போது முதலில் வேவ் (சுருக்காத ஃபைல்) ஆக எடுத்து, ஒரே தடவை எம்பி3 ஆக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் சத்தத்தில் கொஞ்சம் தேயும்.

கொண்டல் (பாம்பன்)

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்ன 256 எம்4ஏ-வை அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு மறுபடியும் ஓடவில்லை என்று நிற்க வேண்டாம். விலை குறைந்த கார் செட் பலவற்றுக்கு எம்பி3-யும் டபிள்யூஎம்ஏ-யும்தான் தெரியும். பூட்டே இல்லாவிட்டாலும் எம்4ஏ-வைத் தாண்டிப் போய்விடும். எம்பி3 ஆக மாற்றும்போது 192 அல்லது 256, நிலையான பிட்ரேட், 44.1. பென் டிரைவ் 16 அல்லது 32 ஜிபி, ஃபேட்32 ஃபார்மட். 64 ஜிபி வாங்கினால் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், செட் அதைத் திறக்காது. ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் டிஸ்ப்ளேயில் கட்டம் கட்டமாகத் தெரியும், இங்கிலீஷ் எழுத்தில் 001, 002 என்று நம்பர் போட்டு வையுங்கள். பல செட்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எழுதிய வரிசையில்தான் பாடும். ஆகையால் காலி பென் டிரைவில் வரிசையாகக் காப்பி செய்யுங்கள்.

உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பிடித்துவிடும். செட்டில் ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகியே விட்டு, பென் டிரைவை வயரின் முனையில் மாட்டுங்கள். கெட்டுப் போனால் வயரோடு போகும். கரை வந்ததும் பென் டிரைவைக் கழற்றி ஜிப் கவரில் போடுங்கள்.

போன் விஷயம். சந்தா ஆப்பில் டவுன்லோட் என்பது பாட்டு உங்கள் கைக்கு வந்ததாக அர்த்தம் இல்லை. பூட்டிய துண்டுகள் ஆப்பின் உள் ஃபோல்டரில் கிடக்கும், சந்தா முடிந்த அன்றைக்கு அவையும் முடிந்தன. ஸ்பாட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும் 30 நாளுக்குள் ஒரு தடவையாவது நெட்டில் இணையச் சொல்லும். ராத்திரி போய்க் காலையில் திரும்பும் விசைப்படகுக்கு 30 நாள் ஒரு பொருட்டில்லை. அரைகுறை டவரில் ஆப் சர்வரைத் தேடிக்கொண்டே நிற்பதுதான் தொந்தரவு. கரையிலேயே ஆப்பைத் திறந்து, ஒரு பாட்டு ஓடுகிறதா பார்த்து, ஆப்பின் செட்டிங்ஸில் ஆஃப்லைன் மோடைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கச்சத்தீவுப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடிக்கும், டேட்டா ரோமிங் ஆஃப் ஆக இருக்கட்டும். மெமரி கார்டில் டவுன்லோட் வைத்திருந்தால் கார்டைக் கழற்றாதீங்க, கழற்றி மாட்டினால் ஆப் எல்லாவற்றையும் மறுபடி இறக்கச் சொல்லலாம்.

தொண்டி கருப்புக்கோட்டு

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் 2012 திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். "நோக்கத்தோடு" என்பதுதான் அங்கே முக்கியம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்குச் செய்வதை அதே பிரிவு விலக்கியிருக்கிறது, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-ம் பிரிவு அனுமதிக்கிறது. மேலே காக்கா சொன்ன சிடி வழி எதிலும் பூட்டை உடைக்கவே இல்லை, விற்றவர் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்துகிறோம். அது சுத்தமான வழி.

ஆனால் அந்தப் பென் டிரைவை படகுத்துறை முழுக்கக் காப்பி போட்டுக் கொடுப்பதும், காசு வாங்கி மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் வேறு கணக்கு. 63-ம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை, அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை.

வாடைக்காத்து (தங்கச்சிமடம்)

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி காக்கா. எக்ஸ்பியை யாரும் தொடாமல் மூடி வைத்தாச்சு. இன்னும் ஒன்று: இனிமேல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லாமல் எங்கே வாங்குவது? எம்4ஏ-வை எம்பி3 ஆக்க எதைப் பயன்படுத்த?

கீழக்கரை சிஸ்டம் சர்வீஸ்

காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கடை நாளைக்கே மூடினாலும் பாட்டு ஓடுமா? 2012-ல் ஃபிளிப்கார்ட் "ஃபிளைட்" என்று பாட்டுக் கடை திறந்தது, 2013-ல் மூடியது. அதில் எம்பி3 வாங்கி இறக்கி வைத்தவர்களுக்கு இன்றைக்கும் ஓடுகிறது, ஏனென்றால் பூட்டு இல்லை. எம்எஸ்என் மியூசிக் 2006-ல் விற்பனையை நிறுத்தியது, சாவி கொடுக்கும் சர்வரையும் 2008-ல் நிறுத்தப் போவதாக அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்த பிறகு 2011 முடியும் வரை நீட்டித்தார்கள். அதற்குப் பிறகு புது மெஷினுக்கு மாற வழியில்லை. உங்கள் டபிள்யூஎம்ஏ அந்த ரகம்.

இந்தியாவில் ஐட்யூன்ஸ் கடை 2012 டிசம்பரில் வந்தது, ஆரம்பம் முதலே பாட்டுக்குப் பூட்டு இல்லை. ஐபோன் தேவையில்லை, விண்டோஸில் ஐட்யூன்ஸ் போட்டால் போதும். ஆனால் அதே கம்பெனியின் ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கினால் பூட்டோடுதான் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க, பாட்டுக்குப் பக்கத்தில் விலை போட்டிருந்தால்தான் அது விற்பனை. படம், வீடியோ வாங்கினால் இன்னும் பூட்டு உண்டு. தனிக் கலைஞர்களுடையது என்றால் பேண்ட்கேம்ப் நல்லது. எம்பி3, ஃபிளாக் (தரம் குறையாத வகை) எது வேண்டுமோ எடுக்கலாம், பணமும் பெரும்பகுதி பாடியவருக்கே போகும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்திருக்க வேண்டும்.

பழைய ஆடியோ சிடி கிடைத்தால் அதை விட்டுவிடாதீங்க. 2005-ல் சோனி பிஎம்ஜி வெளிநாட்டில் விட்ட சில சிடிகள் கம்ப்யூட்டருக்குள் மறைவாக ஒரு புரோகிராமை இறக்கின, பெரிய வழக்கானது. அந்தக் காலத்து வெளிநாட்டு சிடி போடும்போது ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடித்து ஆட்டோரன் ஓடாமல் தடுங்கள்.

மாற்றுவதற்கு ஐட்யூன்ஸே போதும். ப்ரிஃபரன்ஸஸ், இம்போர்ட் செட்டிங்ஸ், எம்பி3 என்கோடர், கஸ்டம் 192. பிறகு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் கன்வர்ட், "கிரியேட் எம்பி3 வெர்ஷன்". பூட்டிய ஃபைல் ஒன்று நடுவில் இருந்தால் மாற்ற முடியாது என்று செய்தி வரும், அது இன்னும் திரும்ப இறக்காத பாட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். எம்4ஏ மூலத்தை அழிக்காமல் இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், செட்டுக்கு எம்பி3 மட்டும் போகட்டும். 192-ல் ஐந்து நிமிடப் பாட்டு 7 எம்பி சொச்சம், 200 பாட்டுக்கு ஒன்றரை ஜிபி கூட வராது.